சனிக்கிழமை மிடறுகள்

ஜூன் 8, ஞாயிறு

இன்று உறையூரில் ஒரு டம்ளர் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதனால் என் மகன் நிர்மலின் கல்யாணம் நின்றுவிடும்போல இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். முப்பது வருடமாகப் பத்திர எழுத்தராக இருப்பவளுக்கு எழுதினால்தான் புத்தி வேலை செய்யும். நிர்மலும் சிந்துஜாவும் கல்லூரியிலிருந்தே ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். அவன் புனேயில் வேலை பார்க்கிறான், அவள் இங்கே திருச்சியில். பெரியவர்கள் பார்த்துப் பேசி முடிப்பதுதான் பாக்கி. நானும் என் அண்ணன் வைத்தியலிங்கமும் பெண் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா கோதண்டபாணி வாசல்வரை வந்து அழைத்தார். அம்மா ரேணுகா வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்தாள். நுரை பொங்கி நின்றது.

பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டு மறுக்க வேண்டியதில்லாமல் செய்துவைத்த ஏற்பாடு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். டம்ளரைக் கையில் எடுத்தேன், உதடுவரை கொண்டுபோனேன், கீழே வைத்தேன். அதைப் பார்த்த அண்ணன், நான் ஏதோ சாடை காட்டுகிறேன் என்று எண்ணித் தன் டம்ளரையும் வைத்துவிட்டார். இரண்டு காபியும் எங்கள் கண்முன்னாலேயே ஆடை கட்டின.

ஏப்ரலில் எனக்குத் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். அதிலிருந்து இடப்பக்கக் குரல் நாண் அசையாமல் கிடக்கிறது. குரல் கரகரத்துப்போனது ஊருக்கே தெரியும். தெரியாதது இதுதான்: தண்ணீர்போல எதைக் குடித்தாலும் எனக்குப் புரையேறுகிறது. சும்மா இருமல் இல்லை, கண் பிதுங்கி, மூச்சு நின்று, மூக்கு வழியாக வரும். கூழும் கெட்டித் தயிரும் இறங்கும். தண்ணீரைக்கூட மருந்துக் கடைப் பொடி கலந்து கூழாக்கித்தான் குடிக்கிறேன். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மூக்கு வழியாகக் காபி விட எனக்கு மனசில்லை.

ஜூன் 9, திங்கள்

அண்ணன் போன் செய்தார். அவர்கள் வீட்டில் "பையனோட அம்மாவுக்கு இஷ்டமில்ல போலிருக்கு, விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டார்களாம். "நீ செஞ்சது சரிதான் தையல்நாயகி, நானும் அந்த வீட்ல வெளிச்சம் பத்தலைன்னு நெனச்சேன்" என்கிறார் அண்ணன்.

நிர்மலும் பேசினான். ஏம்மா என்றான். வாயில் வைக்கத் தோன்றவில்லை என்றேன். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டான்.

ஜூன் 12, வியாழன்

விழுங்கும் பயிற்சி. என் பயிற்சியாளர் ஜாஸ்மின் பானுவுக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கண்டிப்பில் தலைமை ஆசிரியை. முறை இது: தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்க வேண்டும், முகத்தை முழுக்க இடப்பக்கம் திருப்ப வேண்டும், விழுங்க வேண்டும், பிறகு வெறும் வாயால் இன்னொரு முறை விழுங்க வேண்டும். பழுதான பக்கத்தை அடைத்து நல்ல பக்கமாக அனுப்பும் வேலை. நரம்பு மூன்று நான்கு மாதத்தில் தானே தேறலாம், தேறாமலும் போகலாம்.

"இங்க ஸ்பூன் தண்ணிகூட முழுங்குறீங்க மேடம். வெளியே நாலு பேர் பார்த்தா பதறுறீங்க. பதறினா மூச்சு மாறுது. ஜனங்க இருக்கிற இடமாப் போய்ப் பழகுங்க."

"கடைக்குப் போய்த் தின்னணுங்கிறீங்களா?"

"ஆமா. வாரம் ஒரு கடை. முதல்ல புட்டிங், அப்புறம் கெட்டி மில்க் ஷேக், அப்படியே தண்ணியா இறங்கி வரணும். காபி கடைசியிலதான்."

இனிப்புக் கடைகளுக்குப் போவதை மருந்துச் சீட்டில் எழுதிக்கொடுத்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 14, சனி

தில்லைநகரில் 'மஞ்சள் குடை' என்று ஒரு கபே. கிழக்கே கண்ணாடிச் சுவர், மேற்கே காபி இயந்திரம், வடக்கே கைகழுவும் இடம், தெற்கே காதலர்கள். இதற்குட்பட்ட மேசையில் தனியாக உட்கார்ந்தேன். ஜாஸ்மின் தந்த பட்டியலில் புட்டிங் என்றுதான் எழுதியிருந்தது. ஐஸ்கிரீமும் கெட்டிதானே என்று நானே ஒரு திருத்தம் செய்துகொண்டேன்.

ஐஸ்கிரீம் கிண்ணத்தில்தான் கெட்டி. தொண்டைக்கு வருவதற்குள் அது தண்ணீர் என்பது இரண்டாவது கரண்டியில் புரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். பரிமாறுகிற அம்மாள் ஓடிவந்து என் உச்சந்தலையைத் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்கம்மா" என்றாள். ஏப்ரலிலிருந்து என்னை இத்தனை பேர் நினைப்பதாக இருந்தால் நான் தேர்தலிலேயே நிற்கலாம்.

அப்போது ஒரு கை என் தோளைப் பிடித்து முன்னால் சாய்த்தது. மூச்சு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் சிந்துஜா. அவள் வரைபடம் போடும் அலுவலகம் இதே கட்டடத்து மாடியில் இருக்கிறது என்று யார் கண்டார்கள்? தண்ணீர் டம்ளரை நீட்டினாள். நான் பாம்பைத் தள்ளுவதுபோலத் தள்ளினேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்க முடியலையா ஆன்ட்டி?"

புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு எங்க வீட்லயும் இதானா?"

கெட்டிக்காரி. தலையாட்டினேன். யாரிடமும் சொல்லக் கூடாது, நிர்மலிடமும் சொல்லக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கினேன். அவன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான் என்று காரணம் சொன்னேன்.

"நான் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. நீங்களே சொல்லணும். நான் சொன்னா எங்க அப்பா பரிதாபப்பட்டு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

பரிதாபம் என்ற சொல்லை அவள் என் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். சொசைட்டியில் அரிசி வாங்கினேன். அந்தச் சிந்துஜா நல்ல நிறம்தான், ஆனால் முடியை இப்படியா கத்தரிப்பார்கள்?

ஜூன் 21, சனி

மஞ்சள் குடை. கேரமல் கஸ்டர்டு. நான் யாரையும் கூப்பிடவில்லை. சரியாகப் பதினொரு மணிக்கு அவளே மாடியிலிருந்து இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

கஸ்டர்டு பழுப்புப் பாகில் மினுமினுவென்று நின்றது. ஒரு கரண்டி எடுத்தேன், தாடையை இறக்கினேன், முகத்தை இடப்பக்கம் திருப்பினேன், விழுங்கினேன். வழுக்கிக்கொண்டு போனது. பாகில் லேசான கசப்பு, அது போன பின்பும் நாக்கில் நின்றது. எட்டுக் கரண்டி, ஒரு இருமல் இல்லை. இடப்பக்க மேசையில் இருந்த மீசைக்காரருக்குத்தான் கஷ்டம். ஒவ்வொரு வாய்க்கும் நான் அவரை உற்றுப் பார்ப்பதாக நினைத்திருக்கிறார். கடைசியில் எழுந்து வந்தே விட்டார்.

"என்னம்மா, என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

"இல்ல சார், அவங்களுக்குக் கழுத்து சுளுக்கு" என்றாள் சிந்துஜா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அவர் போனதும் இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு காற்றாகத்தான் வருகிறது.

ஜூன் 28, சனி

கன்டோன்மென்ட்டில் ஒரு ஜூஸ் கடை. பட்டர் ஃப்ரூட் மில்க் ஷேக், ஸ்பூன் நிற்கிற அளவுக்குக் கெட்டி. கொஞ்சம் பேரீச்சம்பழம் சேர்த்து அரைக்கச் சொன்னாள் சிந்துஜா, அது நல்ல யோசனை. முழு டம்ளரும் உள்ளே போனது. இப்போது உட்காரும் முன்பே இடப்பக்கம் சுவர் இருக்கும்படி அவள் மேசை பார்த்துவிடுகிறாள்.

அவள் எதைச் சாப்பிட்டாலும் முதல் வாய்க்குக் கண்ணை மூடிக்கொள்கிறாள். பிறகு கண்ணைத் திறந்து குற்றம் சொல்ல ஆரம்பிக்கிறாள். இந்தப் பிரௌனி நேற்றையது, இந்தக் கிரீம் டப்பாவிலிருந்து வந்தது. சொல்வதெல்லாம் சரியாகவும் இருந்து தொலைக்கிறது. எனக்கு அதிகம் பேசுகிற பெண்களைப் பிடிக்காது.

ஜூலை 5, சனி

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ரோஸ் மில்க் கடை. நின்றுகொண்டு குடிக்கிற இடம், ஒரே கூட்டம். முதல் மிடறு போனது. அந்த தைரியத்தில் இரண்டாவதைப் பெரிதாக எடுத்தேன்.

புடவை முன்பக்கம் முழுக்க ரோஜா நிறம். மூக்கிலும் வந்தது. சுற்றி நின்றவர்கள் வட்டமாக விலகினார்கள். ஒருத்தர் டம்ளரை மூடிக்கொண்டார், எனக்கு ஏதோ தொற்று என்பதுபோல. சிந்துஜா தன் துப்பட்டாவை என் மேல் போட்டு ஆட்டோவில் ஏற்றினாள். வழி முழுக்க நான் அவள் பக்கம் திரும்பாமல் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வாய்ப் பாலில் செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறது. அதைவிட, இப்படி ஒரு மாமியார் வீட்டுக்கா எங்கள் பெண் போக வேண்டும் என்று ரேணுகா கேட்பாளே, அது இன்னும் பயமாக இருக்கிறது. அவள் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

இனி கடைக்குப் போவதில்லை.

ஜூலை 12, சனி

போனேன். மஞ்சள் குடை, பழைய கஸ்டர்டு. அவள் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை, பாகில் சர்க்கரை கூடிவிட்டது. பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன், வெளியே வெயில் கடுமையாக இருந்ததால்.

ஜூலை 13, ஞாயிறு

சிந்துஜா போன் செய்தாள். கரூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறதாம். ஆடி பிறக்கப் போகிறது, அதனால் இப்போது எதுவும் இல்லை. ஆவணியில், ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி பார்க்க வருகிறார்கள். நேற்று அதற்காகப் போட்டோ எடுக்க அழைத்துப் போய்விட்டார்களாம்.

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? நிர்மல் வீட்ல வேண்டாம்னுட்டாங்கன்னு அப்பா நெனச்சிட்டிருக்கார். ஏன்னு கேட்டா என்னால காரணம் சொல்ல முடியாது. வாக்கு குடுத்திருக்கேன்ல."

வாக்கைத் திருப்பித் தருகிறேன், சொல்லிவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது. அடுத்த சனிக்கிழமை எந்தக் கடை என்று கேட்டேன்.

நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது.

ஜூலை 19, சனி

இன்று சிவப்பு மையில் எழுத வேண்டிய நாள்.

ஜாஸ்மின் ஒரு புது யோசனை சொன்னாள். கேஸ் உள்ள குளிர்பானம் தொண்டையைச் சுருக்கென்று தொட்டு எழுப்பிவிடுமாம். தூங்குகிற நரம்புக்கு அது நல்லது, சாதாரணத் தண்ணீரைவிட அது சுலபமாக இறங்குகிறவர்கள் உண்டு என்றாள். தெப்பக்குளம் பக்கம் ஒரு சோடாக் கடையில் பன்னீர் சோடா வாங்கினோம். சிந்துஜா என் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டாள், நான் திரும்பினால் அவள் முகம்தான் தெரியும்படி.

ஒரு மிடறு. உள்ளே ஆயிரம் ஊசி குத்தியதுபோல இருந்தது, பிறகு இல்லை. எங்கே போனது என்று தேடினேன். வயிற்றுக்குப் போயிருந்தது. இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது மிடறு. தண்ணீர்போன்ற ஒன்றை ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் குடிக்கிறேன். பிறகு தெப்பக்குளமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஏப்பம் விட்டேன்.

"சூப்பர் ஆன்ட்டி. இப்ப குரல்கூட நல்லா வந்துச்சு" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு பன்னீர் சோடா, ஒரு இஞ்சி சோடா, பக்கத்துக் கடையில் ரவா லட்டு, எல்லாம் நான்தான் வாங்கித் தந்தேன்.

ஜூலை 26, சனி

லெமன் சோடா. பிறகு சோடா இல்லாத லெமன். ஒரே ஒரு இருமல், அதுவும் ஈ வந்ததால்.

ஆகஸ்ட் 2, சனி

நாளை ஆடிப்பெருக்கு என்பதால் சத்திரம் பக்கம் கால்வைக்க இடமில்லை. வேண்டுமென்றே அங்கேதான் போனேன். அதே ரோஸ் மில்க் கடை. என்னை அடையாளம் தெரிந்துகொண்ட கடைக்காரர், "அம்மா, நீங்க வேணா பார்சல் வாங்கிக்குங்களேன்" என்றார்.

"இங்கயே குடிக்கிறேன். பெரிய டம்ளர்ல குடுங்க."

மொத்தம் பதினாறு மிடறு. கடைசி நாலுக்கு முகத்தைக் கால்வாசிதான் திருப்பினேன். டம்ளரை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அவர் ஏதோ தானே குடித்ததுபோலப் பெருமூச்சு விட்டார். இன்று நான் அணிந்திருந்தது வெள்ளைப் புடவை, அது தற்செயல் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

காபி. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சிற்றுண்டிச் சாலை. பித்தளை டபரா, கொதிக்கக் கொதிக்க. எங்கள் மேசையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டபராவில் ஆற்றினேன், குடித்தேன். சிக்கரி கொஞ்சம் தூக்கல். நாலு மாதம் கழித்து வருகிற காபிக்குச் சிக்கரி எல்லாம் ஒரு குறையா? கண்ணில் தண்ணீர் வந்தது. புரையேறி வந்த தண்ணீர் இல்லை.

பொங்கல்காரர்கள் இருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருமே கவனிக்காமல் ஒரு காபி குடிப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

பாக்கி இருப்பது கலவை ஒன்றுதான் என்கிறாள் ஜாஸ்மின். தண்ணீரும் துண்டும் சேர்ந்து வருவது, பலூடா மாதிரி. மெல்லும்போதே தண்ணீர் தனியாகப் பின்னால் ஓடிவிடுமாம். அதை செப்டம்பருக்கு முன் தொடக் கூடாது என்று உத்தரவு.

"எப்ப எங்க வீட்டுக்கு வரீங்க அத்தை?" என்று கேட்டாள் சிந்துஜா. ஆன்ட்டி எப்போது அத்தை ஆனது என்று தெரியவில்லை. கவனிக்காததுபோல டபராவை வழித்துக் குடித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காபி குடிக்க முடிகிறது. நேரே போய்க் குடித்துவிட்டு வந்தால் முடிந்தது, எதையும் சொல்ல வேண்டியதில்லை. நேற்று இரவு முழுக்க அப்படித்தான் திட்டம் போட்டேன். அதைச் சிந்துஜாவிடம் போனில் சொன்னேன்.

"அத்தை, ஒரு இடம் விக்க வர்றவங்ககிட்ட நீங்க முதல்ல என்ன கேப்பீங்க?"

"வில்லங்கச் சான்று."

"மறைச்சு விக்கிறவனை என்ன சொல்வீங்க?"

நான் என்ன சொல்வேன் என்பது சார்பதிவாளர் அலுவலகத்துக்கே தெரியும். இந்தப் பெண் என் தொழிலை வைத்தே என்னை அடித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. என் பிடிவாதத்துக்காக இரண்டு மாதமாக ஒரு பெண் தன் அப்பாவிடம் வாய் மூடி இருக்கிறாள். என் பையன் ராத்திரி சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு போனை வைத்துவிடுகிறான். நான் செய்தது தப்பு.

நிர்மலை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தினான். பிறகு அழுதான். பிறகு, கஸ்டர்டு எப்படி இருந்தது என்று கேட்டான்.

அடுத்து கோதண்டபாணியை அழைத்தேன். ஆவணி முதல் தேதி வரலாமா என்றேன். "வாங்க" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் ஈரமே இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உறையூர். அண்ணனும் கூட வந்தார். இந்த முறை யாரும் வாசலுக்கு வரவில்லை. உள்ளே உட்காரச் சொன்னார்கள். கோதண்டபாணி வெயிலைப் பற்றிப் பேசினார். அண்ணன் காவிரியில் தண்ணீர் வந்ததைப் பற்றிப் பேசினார். கால் மணி ஆயிற்று. சமையலறையிலிருந்து டம்ளர் சத்தமே வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் எதுவும் தரப்போவதில்லை. ஒருமுறை கொடுத்து அது தீண்டாமல் திரும்பியது போதும், இன்னொரு முறை அந்த அவமானம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒன்பது வாரம் கடை கடையாக ஏறி இறங்கியதெல்லாம் இந்த வீட்டில் ஒரு டம்ளர் காபிக்காக. அந்தக் காபி வரவே போவதில்லை. கதவோரம் சிந்துஜா நின்றாள். அவள் எனக்காகப் பேச மாட்டாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

பெண் வீட்டில் போய் வாய்விட்டுக் கேட்டுக் குடித்த மாப்பிள்ளையின் அம்மாவை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"எனக்குக் குடிக்க ஏதாவது குடுங்க" என்றேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரேணுகா கணவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் குடிக்காததுக்கு உங்க பொண்ணு காரணமில்ல, நீங்களும் காரணமில்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குத் தண்ணி இறங்காது, புரையேறும். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சேன். இப்ப முக்கால்வாசி தேறிட்டேன், முழுசாத் தேறுவேனான்னு தெரியாது. இதான் என் வில்லங்கம். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. ஆனா எனக்கு உங்க பொண்ணு வேணும்."

கடைசி வாக்கியம் நான் யோசித்து வைத்தது இல்லை. குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

ரேணுகா எழுந்து உள்ளே போனாள். வரும்போது தட்டில் இரண்டு டம்ளர். காபி இல்லை. மாதப் பிறப்புக்குச் செய்த சேமியா பாயசம், நீர்க்க நீர்க்க, ஜவ்வரிசியும் முந்திரியும் மிதந்தன. தண்ணீரும் துண்டும் சேர்ந்தது. ஜாஸ்மின் செப்டம்பர் வரை தொடக் கூடாது என்ற அதே ஜாதி. சிந்துஜா ஒரு அடி முன்னால் வந்தாள். அவளை நான் பார்வையாலேயே நிறுத்தினேன்.

"ஒரு ஸ்பூன் வேணும். அப்புறம், நான் முகத்தைத் திருப்பினா தப்பா எடுத்துக்காதீங்க. அப்படித்தான் முழுங்கணும்."

கோதண்டபாணி என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். முதல் ஸ்பூனை வாயில் வைத்து, தாடையை இறக்கி, அவர் பக்கம் திரும்பினேன். மனுஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் பாலை அனுப்பினேன். பிறகு சேமியாவை மென்று அனுப்பினேன். பிறகு ஒரு வெறும் விழுங்கல். ஏலக்காய் மணம் மூக்கில் ஏறியது, பால் ஏறவில்லை. ஐந்தாவது ஸ்பூனில் ஒரு ஜவ்வரிசி வழிதவறி, ஒரு இருமல் வந்தது. எல்லோரும் பாதி எழுந்துவிட்டார்கள். கையைக் காட்டி உட்கார வைத்தேன். இருமி முடித்து அடுத்த ஸ்பூனை எடுத்தேன்.

டம்ளர் காலியானது. அண்ணன் தன் டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நானும் நனைச்சிட்டேங்க" என்றார், யாரோ தன்னை விட்டுவிடுவார்கள் என்பதுபோல.

"இன்னும் கொஞ்சம்" என்று நான் டம்ளரை நீட்டினேன். ரேணுகா பாதி ஊற்றினாள், யோசித்து நிறைய ஊற்றினாள். பிறகு என் அருகில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"மெதுவாக் குடிங்க சம்பந்தி. ஒண்ணும் அவசரமில்ல."

அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை.